பண்டிகையும் பிள்ளையின் கைகளும்: கொழும்பு வீடுகளிற் புலன்வழிக் கற்றல்

அரிசிக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனச் சாயமூட்டி ஓர் அகன்ற தட்டத்திற் பரப்பி, அதனுள் சிறு பொருள்களைப் புதைத்து, மூன்று வயதுப் பிள்ளையைத் தேடி எடுக்கச் செய்தல். மாவை உப்புடனும் நிறத்துடனும் பிசைந்து பிள்ளையின் கையிற் கொடுத்தல். வாசனைப் பொருள்களைச் சிறு போத்தல்களில் அடைத்துக் கண்ணை மூடி மணந்து பெயர் சொல்லச் செய்தல். கொழும்பின் மத்தியதர வர்க்கத் தாய்மாருக்கு அண்மைக்காலத்திற் பெரிதும் பரிந்துரைக்கப்படும் வீட்டு விளையாட்டுகளுட் சில இவை. பண்டிகைக்குப் பண்டிகை இவற்றின் நிறமும் அலங்காரமும் மாறும். நத்தாருக்குப் பச்சையும் சிவப்பும், தீபாவளிக்குப் பல வண்ணமும், வெசாக்குக்கு வெண்மையும் எனப் பட்டியல் நீளும். இவை விளையாட்டாக மட்டுமன்றிக் கல்வியாகவும் முன்வைக்கப்படுகின்றன என்பதே ஈண்டு நமது கவனத்துக்குரியது.

இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்று வினவப்படலாம். பிள்ளையின் விளையாட்டைப் பாடுபொருளாகக் கொண்டு ஒரு தனிச் சிற்றிலக்கிய வகையையே வளர்த்த மொழியிற் பணியாற்றுவோர், அவ்விளையாட்டின் சமுதாய அடிப்படையை ஆராயாது விடுதல் தகுமா என்பதே நமது மறுவினா. அன்றியும், இப்பரிந்துரைகள் முற்றிலும் தவறானவையல்ல. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை எங்கிருந்து வந்தது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது, இன்று எவருக்குக் கிட்டுகிறது என்பன பேசப்படுவதில்லை.

முதலில் உண்மையைப் பார்ப்போம். உயிர்களை அறிவின் எண்ணிக்கைகொண்டு வகுத்த தொல்காப்பிய மரபியல், ஓரறிவுயிருக்குத் தொடுவுணர்வை மட்டுமே கூறி, அதன்மேற் சுவை, மணம், காட்சி, கேள்வி என்று ஏற்றி, இறுதியில் மனத்தை வைக்கின்றது. அது குழந்தை வளர்ச்சி பற்றிய கூற்றன்று, உயிர்ப் பாகுபாடு. எனினும் ஊற்றுணர்வை அடித்தளமாகவும் மனத்தை முடிநிலையாகவும் கண்ட அந்நோக்கு பொருள்முதற் சார்புடையது என்பது மனங்கொள்ளத்தக்கது. மனம் வெறுவெளியில் நின்று உலகைப் படைக்கவில்லை. தொட்டும் சுவைத்தும் மணந்தும் பெற்றவற்றின் மீதே அது நிற்கிறது. 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் இதனை இன்னொரு படி முன்னே கொண்டுசென்றார். ஐம்புலன்களும் இயற்கை தந்த நிலையிலேயே நிற்பனவல்ல, மனித வரலாற்றின் உழைப்பு அனைத்தும் சேர்ந்து உருவாக்கியவை என்பது அவரது கருத்து. இசையறியாச் செவிக்கு இசை பொருளற்றது. பசித்திருப்பவனுக்கு உணவின் மனித வடிவம் தெரிவதில்லை, வயிற்றை நிரப்பும் பொருளாக மட்டுமே அது தெரியும் என்றும் அவர் காட்டினார். சாயமூட்டிய அரிசியைப் பற்றிப் பேசும்போது இக்கருத்துக்கு நாம் திரும்பவேண்டியிருக்கும்.

சிறுபிள்ளை எண்ணையும் அளவையும் சொல்லாகக் கற்பதற்கு முன் கையாற் கற்கிறது. குட்டையான அகன்ற கோப்பையிலுள்ள நீரை உயர்ந்த ஒடுங்கிய குவளையில் ஊற்றினால் நீர் கூடிவிட்டதென்றே நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் சொல்லும். இதனைப் பியாஜே விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஊற்றி, மீண்டும் ஊற்றி, சிந்தி, துடைத்துப் பழகிய பிள்ளைக்கே அளவு மாறாமை பற்றிய எண்ணம் உறுதிப்படுகிறது. சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933 இல் ஆற்றிய விரிவுரையொன்றில் விளையாட்டின் வேறொரு கூற்றை விளக்கினார். ஒரு தடியைக் குதிரையாகக் கொள்ளும் பிள்ளை, பொருளிலிருந்து அதன் கருத்தைப் பிரித்தெடுக்கக் கற்கிறது. அவ்வாறு பிரிப்பதற்கு அதற்கு ஒரு தடி தேவைப்படுகிறது. வெறுங்கையுடன் அது இயலாது. எழுத்து என்பதும் ஒரு கோட்டை வேறொன்றாகக் கொள்வதே என்பதை நினைத்தால், விளையாட்டுக்கும் எழுத்தறிவுக்கும் உள்ள உறவு விளங்கும்.

தமிழிலக்கியம் இவ்வளர்ச்சியைக் கவனியாமலிருக்கவில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்கள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வருவதை வெறும் மரபாகவே பாடநூல்கள் சொல்லிச் செல்கின்றன. உடலை அசைத்தல், தாலாட்டைக் கேட்டல், கைகொட்டல், நடத்தல், நிலவைச் சுட்டி அழைத்தல், மணலிற் கட்டுதல், ஓசை எழுப்புதல், உருட்டிச் செல்லுதல் என்று அவற்றை வாசித்தால், உற்றுநோக்கிய தாய்மாரின் அனுபவ அறிவு அதனுள் தங்கியிருப்பது புலனாகும். அதேவேளை அதன் எல்லையும் புலனாகும். சிற்றிற் பருவத்திற் சிறுமியர் மணல் வீட்டைக் கட்டுகின்றனர். பாட்டுடைத் தலைவனான ஆண்பிள்ளை அதனை அழிக்கிறான். அழியாதிருக்கும்படி அவர்கள் இரக்கின்றனர். ஒருவனின் வளர்ச்சிக் கட்டம் மற்றவரின் உழைப்பைச் சிதைப்பதாகப் பாடப்பட்டிருப்பதை நிலப்பிரபுத்துவச் சமுதாயத்தின் பால்நிலை நோக்கு என்றே கொள்ளவேண்டும். பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கோ கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன ஒதுக்கப்பட்டன.

வர்க்க உறவு இன்னும் முற்பட்ட நூல்களிலேயே தெரிகின்றது. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மனைப் புதல்வர் குதிரை பூட்டாத மூன்று காற் சிறுதேரை உருட்டுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் உழவர் மனைச் சிறுவர் உருட்டும் தேர் தச்சர் செய்தது. தச்சரின் பிள்ளைகளே விரும்பும்படி அது அமைந்தது என்கிறார் புலவர். தேரின் அழகைச் சிறப்பிக்கவே இது கூறப்பட்டது. ஆயினும் அந்த ஒரு தொடருக்குள் ஒரு சமுதாயம் இருக்கிறது. செய்தவன் வீட்டுப் பிள்ளை அதனை விரும்புகிறது. உருட்டுவது வேறு வீட்டுப் பிள்ளை. உரைகாரர் இதனைக் கடந்து போய்விட்டனர். நாம் கடந்து போக வேண்டியதில்லை.

இனி மணலுக்கு வருவோம். மணலில் விரலால் எழுதிக் கற்பித்தல் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறை. சென்னை எழும்பூரிற் படையினரின் அநாதை ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் மேற்பார்வை செய்த அன்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தமது இல்லத்திலும் அதனைப் புகுத்தினார்; மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்தார். 1797 இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். யோசேப் லங்காஸ்டரின் பள்ளியிலும் அதனைப் பின்பற்றிய பள்ளிகளிலும் தொடக்க வகுப்பினர் மணல் மேசையில் எழுதினர். இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக் காலத்து ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தது தமிழ்க் கரையிலிருந்து சென்ற ஒரு முறையினால் என்று பெருமை பேசுவோர் உளர். பெருமை பேசலாம், ஆனால் ஆளுங்குழுவினர் அதனை விரும்பியது ஏன் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும். தாளும் மையும் வேண்டாம், ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை ஆளலாம், செலவு மிகக் குறைவு என்பதே அதன் முதன்மையான கவர்ச்சி. குடியேற்ற நாட்டின் சிக்கனம் தலைநகரின் ஏழைகளுக்கு ஏற்றுமதியானது எனலாம்.

நூறாண்டுக்குப் பின் எதிர்த்திசையில் ஒரு பயணம் நிகழ்ந்தது. 1907 சனவரி 6 ஆம் நாள் ரோம் நகரின் சன் லொறென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொண்டிசோரி அம்மையார் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அக்குடியிருப்புகளைப் புதுப்பித்த நிறுவனம், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகள் சுவர்களைப் பழுதாக்குகின்றனர் என்று அஞ்சியே அவரை அழைத்தது. உரோஞ்சும் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி உணர்தல், நீர் ஊற்றுதல், தானியம் பிரித்தல், துணியின் மென்மை வன்மை அறிதல் முதலிய பயிற்சிகள் அங்கே வளர்ந்தன. அம்மையார் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தார்; 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இன்று இந்நாட்டில் ‘மொண்டிசோரி’ என்பது முன்பள்ளிக்கே பொதுப்பெயராகிவிட்டது. தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றையறை வீட்டுப் பிள்ளைக்காகத் தொடங்கிய ஒன்று, மாதக் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பிள்ளையின் உடைமையாகியது. அதன் வீட்டுப் பதிப்பே நாம் தொடக்கத்திற் கண்ட சாயமூட்டிய அரிசித் தட்டம்.

புதுக்கடைக்கு இந்த வரலாறு நேரடியாகப் பொருந்தும். புதுக்கடையை வெளியார் அறிவது பெரும்பாலும் நீதிமன்றங்களினாலும், அண்மைக்காலத்தில் இரவுச் சாப்பாட்டுக் கடைகளினாலுமே. 1656 இற் கொழும்பு முற்றுகையிற் கொல்லப்பட்ட ஒல்லாந்தத் தளபதி ஹுல்வ்ட்டின் பெயர் ஆங்கிலத்தில் இன்னும் அவ்விடத்துக்கு வழங்குகிறது. சட்டத்தரணிகளின் அலுவலகங்களுக்குப் பின்னே, சிறு ஒழுங்கைகளில், தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் முஸ்லிம், தமிழ், சிங்கள, மலாய்க் குடும்பங்கள் வாழ்கின்றன. நாட்டாமைகள், சில்லறை வியாபாரிகள், தையல் வேலை செய்யும் பெண்கள், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாமார் இங்குள்ளனர். கொட்டாஞ்சேனையின் சில பகுதிகளும் இத்தகையனவே. வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்காக எழுதப்பட்ட விளையாட்டுக் குறிப்பு இங்கே எவ்வாறு பொருந்தும்?

அரிசியையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அரிசியைச் சுண்டால் அளந்து அன்றன்றைக்கு வாங்கிய வீட்டில், இரண்டு சுண்டு அரிசிக்குச் சாயமூட்டி விளையாடிவிட்டு எறியும்படி சொல்வது அறியாமை மட்டுமன்று, அவமதிப்புமாகும். நாம் அறிந்த ஒரு தாய் இத்தகைய குறிப்பொன்றை முன்பள்ளியிலிருந்து பெற்றபோது, “இது கழுவினாப் போகுமா?” என்று மட்டுமே கேட்டார். அந்தக் கேள்வியிலுள்ள திறனாய்வு பல நூல்களில் இல்லை.

தமிழர் மரபிலும் பிள்ளையின் விரல் அரிசியைத் தொடுகிறது. விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ ஏடு தொடக்கும்போது, தாம்பாளத்திற் பரப்பிய பச்சரிசியில் பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிக்கிறார். அரிசியின் நறநறப்பு, விரல் சென்ற தடத்தில் தெரியும் தட்டத்தின் குளிர்ச்சி, கோட்டின் வளைவு ஆகியன ஒருங்கே உணரப்படுகின்றன. மொண்டிசோரியின் தடவும் எழுத்து தேடியதும் இதனையே. வேறுபாடு யாதெனில், எழுதிய அரிசி பின்னர் சமைக்கப்படும். உணவு உணவாகவே இருந்துகொண்டு ஒரு கணம் எழுதுபலகையாகிறது. ஆனால் இச்சடங்கு ஆண்டில் ஒரு நாளுக்குரியதாக நின்றுவிடுகிறது. அதனை நாள்தோறும் செய்யத் தடை எதுவுமில்லை. உலைக்குப் போகுமுன் அரிசியைத் தட்டத்தில் இட்டு, கல் நெல் பொறுக்கும் நேரத்திற் பிள்ளை அதில் எழுதலாம், அழிக்கலாம்; கழுவி உலையில் இடலாம். மேலதிகச் செலவு இல்லை.

இம்மரபை நாம் புனிதமாக்க முற்படவில்லை. ஏடு எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கப்படவில்லை என்பது யாழ்ப்பாணச் சமுதாய வரலாற்றின் கசப்பான பகுதி. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளியில் வாங்கில் அமர்வதற்கே 1920 களின் இறுதியிலும் 1930 களிலும் சம ஆசனப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. அதற்கு எதிராகப் பள்ளிகளுக்குத் தீ வைத்தோரும் இருந்தனர். முதற்பல் முளைத்த பிள்ளைக்குப் பல்லுக் கொழுக்கட்டை கொட்டி, புத்தகம், பேனை, நகை முதலியவற்றைப் பரப்பி ஒன்றைத் தொடச் செய்யும் வழக்கிலும், எந்த வீட்டில் எந்தப் பொருள்கள் பரப்பப்பட்டன என்பதே முன்கூட்டி விடையைத் தந்துவிடுகிறது. எனவே மரபு என்றவுடன் கைகூப்புவதும், மேற்கிலிருந்து வந்தது என்றவுடன் புறந்தள்ளுவதும் நமது முறையன்று. உழைப்போடு ஒட்டியது எது, உழைப்பிலிருந்து பிரிந்தது எது என்ற பகுப்பே பயனுடையது.

அந்நோக்கிற் பண்டிகைகளைப் பார்த்தால் தைப்பொங்கல் முதலிடம் பெறும். அடுக்குமாடியின் எரிவாயு அடுப்பிற் பொங்கினாலும், ஒழுங்கையில் மூன்று கல் வைத்துப் பொங்கினாலும், சிறுபிள்ளை செய்யக்கூடிய வேலைகள் பல. அரிசியையும் பயற்றையும் கலவாமற் பிரித்து வைத்தல், பானைக்கு எத்தனை சுண்டு என்று உரத்து எண்ணுதல், வறுத்த பயற்றையும் வறுக்காத பயற்றையும் மணந்து வேறுபாடு காணுதல், சர்க்கரை கரைவதைப் பார்த்தல் என்பன அவை. பால் பொங்கி எழும்வரை காத்திருத்தல் நேரத்தைப் பற்றிய பாடம். பெரியவர் கோலமிட, பிள்ளை அரிசிமாவை இரு விரலாற் கிள்ளிக் கோட்டின் மேலே தூவலாம். அந்தக் கிள்ளும் அசைவே பின்னர் பென்சில் பிடிக்கும் அசைவு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் கடலை, கௌபி, மரமுந்திரிகைப் பருப்பு என்பவற்றைத் தனியே விடலாகாது. வாயிலிட்டு மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. மணி, வித்து வைத்துச் செய்யும் எல்லா விளையாட்டுக்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

ஆடிப்பிறப்பு யூலை நடுப்பகுதியில் வருவது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாடலினால் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் அறிந்த நாள் அது. அப்பாடலின் வெற்றிக்குக் காரணம் அது அறிவுரை கூறாமற் பிள்ளையின் நாவிலிருந்தும் மூக்கிலிருந்தும் பேசியதே என்பது நமது மதிப்பீடு. கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமாவிற் கொதிநீர் விட்டு அகப்பைக் காம்பாற் கிளறுவது பெரியவர் வேலை. சூடு கைபொறுக்கும் அளவுக்கு ஆறியதும் பிள்ளையிடம் கொடுக்கலாம். கடையில் விற்கும் நிறக் களிமாவுக்கு இல்லாத ஒரு பண்பு இம்மாவுக்கு உண்டு. நீர் கூடினால் ஒட்டும், குறைந்தால் வெடிக்கும்; பிள்ளை தன் விரலாற் பொருளின் விதியை அறிகிறது. உருட்டித் தட்டி, தேங்காய்ப்பூவும் பயறும் சர்க்கரையும் வைத்து மூடி, விளிம்பை அழுத்தி, அவித்து உண்கிறது. மென்மாவு ஆவியிற் கெட்டியாவதைக் காண்பது பிள்ளையின் முதலாவது இரசாயன பாடம் என்று சொன்னால் மிகையாகாது. கூழ் குடிப்பதற்குப் பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்திக் கரண்டியாக்குவது தட்டையான ஒன்றைக் குழிவாக்கும் நுட்பம். கொழும்பிலும் பலாவிலை கிடைக்கிறது. கோலத் தெரிந்த கைகள்தாம் குறைந்து வருகின்றன.

வெசாக் கூடு பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அது பிறர் பண்டிகை என்று ஒதுங்குவோர் தமிழரிடையே உண்டு. கொழும்பு வடக்கின் பிள்ளைகள் அவ்வாறு ஒதுங்குவதில்லை. ஒழுங்கையில் எந்த வீட்டில் ஈர்க்கும் திசுத்தாளும் பசையும் உள்ளனவோ அங்கே கூடுவர். இப்பண்டிகையின் பொது விடுமுறைக்குக் கொட்டாஞ்சேனையோடு நேரடித் தொடர்புண்டு. 1883 மார்ச் 25 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அங்கே பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலவரம் மூண்டது. அதனைத் தொடர்ந்த கிளர்ச்சியின் பேறுகளுள் ஒன்றாகவே 1885 இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையாயிற்று. பௌத்தக் கொடியும் அவ்வாண்டு வெசாக்கிற் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமயவில் ஏற்றப்பட்டது. இன்று பிள்ளைகள் கூடு கட்டி மகிழும் விடுமுறை ஒரு தெருக்கலவரத்தின் பின்விளைவு என்பதைப் பெரியவர்களாவது அறிந்திருத்தல் நன்று. மதப் பகைமையின் வரலாறு பிள்ளைகளின் கைகளில் வேறொன்றாக மாறுகிறது. மாறிவிட்டது என்று நிறைவுகொள்ளவும் முடியாது. 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பைக் கேட்ட செவிகள் அவ்வயற் பிள்ளைகளுடையவை. 1983 யூலையில் ஆடிவேல் விழாக் காலத்தில் வெள்ளவத்தையிற் பிள்ளைகளாயிருந்தோருக்கும் விழாவின் மேளத்தோடு வேறு ஓசைகள் நினைவிற் கலந்துள்ளன. தீபாவளிச் சீனவெடிக்கு அஞ்சி அழும் பிள்ளையைக் கோழையென்று நகைப்போர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். புலன்கள் வரலாறு புகும் வாயில்களுமாகும்.

கூட்டின் அமைப்பு வருமாறு. சிங்களத்தில் ‘அட்டபட்டம’ எனப்படும் வழக்கமான வடிவுக்கு ஒரே நீளமான மூங்கிற் சிம்புகள் 24 தேவை. நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரங்கள். அச்சதுரங்களை மூலையோடு மூலையாகக் கட்டினால், எவரும் செய்யாமலே எட்டு முக்கோணங்கள் இடையிலே தோன்றிவிடும். சிம்பு வெட்டுதல் பெரியவர் பணி. நீளம் சமமா என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தல் நான்கு வயதுப் பிள்ளைக்கு இயலும். ஒரு சிம்பு நீண்டால் கூடு கோணுவதைத் தன் கண்ணாற் காணும். கோதுமைமாப் பசையின் வழுவழுப்பும், திசுத்தாள் ஈரத்திற் சுருங்கி உலர்ந்ததும் இறுகுவதும், சிவப்புத் தாளின் மேல் மஞ்சள் படிந்தால் வெளிச்சத்தில் நிறம் மாறுவதும் கூடவே வரும் பாடங்கள். தையற்காரர் வெட்டி எறிந்த துணியிலும் தச்சுப்பட்டறைச் சீவலிலும் பிள்ளைகள் புதிய உலகைக் கட்டுவதை வால்டர் பெஞ்சமின் 1928 இல் வெளிவந்த நூலில் அவதானித்திருந்தார். புதுக்கடையில் துணி வெட்டும், அட்டைப்பெட்டியும் வீட்டுவாசலிலேயே கிடைக்கின்றன. வெள்ளவத்தைத் தாய் இவற்றைப் பொதியாக விலைக்கு வாங்குகிறார்.

நோன்பு மாதத்திற் பள்ளிவாசல்களிற் கஞ்சி வழங்கும் பிற்பகலில் பாத்திரத்துடன் செல்லும் பிள்ளைகளைப் புதுக்கடையிற் காணலாம். நிரம்பிய பாத்திரத்தைச் சிந்தாமற் கொண்டுவருவது உடற் சமநிலைக்கு ஒரு பயிற்சி; மொண்டிசோரி அறையிலும் நீர்க் குவளையோடு இதையே செய்விப்பர். புதுச்சோனகத் தெருவிலுள்ள கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலேயே பிறை பற்றிய தீர்மானம் எடுக்கப்படுகிறது. நிலவு தெரியும் நேரங்களில் அதனைப் பார்த்து அதன் வடிவைச் சுண்ணக்கட்டியாற் சுவரில் வரைந்துவரும் பிள்ளை முப்பது நாளில் ஒரு வானியல் அட்டவணையைத் தானே ஆக்கிவிடும். அம்புலிப் பருவத்தைப் பாடிய மொழியினர் இதற்குப் பொதி வாங்க வேண்டியதில்லை. நத்தார்க் காலப் பாலன் குடிலுக்கு வைக்கோல், மணல், மாட்டுத் தாள் சேகரிப்பதும் இவ்வகையினதே. அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வளவும் கூறியபின், வீட்டு வேலையிற் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடக்கூடாது. சேர்த்துக்கொள்பவர் யார்? தாய், அல்லது அம்மம்மா. பண்டிகை நாட்களில் அவரது வேலை இரட்டிப்பாகிறது; பிள்ளை கலந்துகொண்டால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும், சிந்தியதைக் கூட்டுவதும் அவர் பணியே. ‘பிள்ளையோடு நாளுக்கு அரை மணி நேரம் விளையாடுங்கள்’ என்று அறிவுரைக்கும் குறிப்புகள் அந்த அரை மணியை எங்கிருந்து எடுப்பது என்று சொல்வதில்லை. தகப்பன்மாரைக் குறிப்பிடுவதும் அரிது. கூடு கட்டுதல், குடில் அமைத்தல் ஆகியவற்றில் ஆண்கள் பங்குகொள்கின்றனர். மா பிசைவதிலும் அரிசி பொறுக்குவதிலும் பங்குகொள்வதில்லை. ஆண்பிள்ளையைக் கொழுக்கட்டைக்கும் பெண்பிள்ளையைச் சிம்பு கட்டவும் அமர்த்துவது சிறு மாற்றந்தான். ஆனால் சிற்றில் இழைப்பவர் ஒருவர், சிதைப்பவர் ஒருவர் என்ற பிரிவினையை அதுவே முதலில் தொடும்.

2020 இல் இது கூர்மையாகத் தெரிந்தது. மார்ச் நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. கொழும்பில் ஊரடங்கு மே மாத இறுதிவரை நீடித்தது. சித்திரைப் புத்தாண்டு வீட்டுக்குள்ளே கழிந்தது. புதுக்கடையை அடுத்த பண்டாரநாயக்க மாவத்தைச் சூழல் ஏப்ரலில் தனிமைப்படுத்தப்பட்டது. பலர் குடும்பத்தோடு தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அக்காலத்தில் முன்பள்ளிகள் தொலைபேசிவழி அனுப்பிய ‘வீட்டுச் செயற்பாடுகள்’ ஒரு தொலைபேசியை நால்வர் பகிரும் வீட்டுக்கு எந்நிலையில் சென்றடைந்தன என்பதை ஊகிக்கலாம். ஒற்றையறை வீட்டிற் பிள்ளை பரப்பி விளையாடுவதற்கு முதலில் நிலம் வேண்டும். அண்மைக்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டோருக்கோ ஒழுங்கையும் இல்லாமற்போய், நடைபாதையே முற்றமாகியுள்ளது.

அடிப்படையான பிரச்சினை இதுவே. 1945 இற் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி முதலாந் தரத்திலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகள், கையும் கண்ணும் செவியும் மிக விரைவாகக் கற்கும் ஆண்டுகள், பெரும்பாலும் தனியாரிடமும் சமய நிறுவனங்களிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் விடப்பட்டுள்ளன. முன்பள்ளி ஆசிரியைகளின் ஊதியமோ சொல்லத்தக்கதாயில்லை. இதனால் ஐந்து வயதில் முதலாந் தரத்துக்கு வரும் பிள்ளைகள் சமநிலையில் வருவதில்லை. வீட்டுச் செயற்பாடுகளைப் பரப்புவது இவ்விடைவெளியை மறைக்கும் திரையாகவும் பயன்படலாம். பெற்றோர் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று பழிசுமத்த அது வசதியளிக்கும். ஆதலால் நாம் இங்கு விளக்கியவை முன்பள்ளிக்கு மாற்றீடல்ல. அரசு பொறுப்பேற்கும் பொது முன்பள்ளி வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்த்தே அவை வாசிக்கப்படவேண்டும்.

இதற்கிடையிற் செய்யக்கூடிய ஒன்று நமது சங்கங்களின் சக்திக்கு உட்பட்டதாகவே உள்ளது. கொழும்பு வடக்கின் முன்பள்ளி ஆசிரியைகளிடமும் அம்மம்மாமாரிடமும் மா பிசையும் பக்குவம், இலை கோலும் முறை, சிம்பு கட்டும் முறை, பிள்ளைகளின் கைகொட்டல் விளையாட்டுகள் என்பன இன்னும் உள்ளன. அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் படம் வரைந்து, விலையின்றிக் கொடுக்கக்கூடிய சிறு ஏடுகளாக்க வேண்டும். ஒவ்வொரு செயற்பாட்டின் கீழும் தேவையான பொருள், அதன் விலை, விளையாடிய பின் அப்பொருள் உணவாகுமா என்ற மூன்று விவரங்களையும் குறிக்கவேண்டும்.